கோழித் தீவனத்தில் கந்தகச் சத்து: எந்த வடிவில், எவ்வளவு, எப்போது நிறுத்துவது

கோழி வளர்ப்பில் புதிதாக இறங்குபவர்கள் இரண்டாம் மூன்றாம் மாதத்திலேயே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "இறகு சரியா வரல, தீவனத்துல கந்தகம் கலக்கலாமா?" நாட்டு மருந்துக் கடையில் மஞ்சள் நிறக் கந்தகத் தூளை வாங்கி ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டு, அதன் பிறகு கேட்பவர்களும் இருக்கிறார்கள். கேள்வியில் தவறு ஏதுமில்லை. இறகின் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம். அந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டியிருப்பவை கந்தகப் பிணைப்புகள். இறகைத் தீயில் காட்டும்போது எழும் நாற்றத்துக்கு அந்தக் கந்தகமும் ஒரு காரணம். எனினும், கோழிக்குக் கந்தகம் வேண்டும் என்பதால் கந்தகத் தூள் வேண்டும் என்று ஆகிவிடாது. எந்த வடிவில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே அது சத்தாகவோ சுமையாகவோ மாறுகிறது.

இருபது முதல் இருநூறு வரை நாட்டுக்கோழியோ முட்டைக்கோழியோ வைத்துக்கொண்டு, தீவனத்தைத் தாங்களே அரைத்துக் கலப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நிறுவனத் தீவனத்தை மூட்டையாக வாங்கிப் போடுபவர்களுக்கு ஒரே ஒரு செய்திதான். அந்த மூட்டைகளில் மெத்தியோனைன் என்ற கந்தகச் சத்து ஏற்கெனவே கணக்கிட்டுச் சேர்க்கப்பட்டிருக்கும். அதன்மேல் எதையும் கலக்காதீர்கள்.

முதல் படி: பெயர்களைப் பிரித்து அறிதல்

ஒலியால் நெருங்கிய, ஆனால் தன்மையால் வெகுதூரம் விலகிய பொருள்கள் "சல்பர்" என்ற ஒரே பேச்சின் கீழ் வந்துவிடுகின்றன. கடைக்காரரிடம் பேசுவதற்கு முன்பே இவற்றைத் தெளிவாகப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவதும் முக்கியமானதும் மெத்தியோனைன். இது கந்தகம் கொண்ட ஓர் அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டும் அலகுகளில் ஒன்று; எடையில் சுமார் 21.5 சதவீதம் கந்தகம். கோழியின் உடலால் இதை உருவாக்கிக்கொள்ள முடியாது, தீவனத்திலிருந்தே வர வேண்டும். இறகுக்கு அதிகம் தேவைப்படும் சிஸ்டைன் என்ற மற்றொரு கந்தக அமினோ அமிலத்தை மெத்தியோனைனிலிருந்து உடல் உருவாக்கிக்கொள்ளும். ஆனால் சிஸ்டைனிலிருந்து மெத்தியோனைனுக்குத் திரும்பும் வழி கிடையாது. மக்காச்சோளத்தையும் சோயாவையும் நம்பிய தீவனத்தில் எல்லா அமினோ அமிலங்களுக்கும் முன்னால் பற்றாக்குறையாவது இதுவே. கடையில் டி.எல். மெத்தியோனைன் என்ற பெயரில், 99 சதவீதத் தூய்மையுள்ள வெள்ளைத் தூளாகக் கிடைக்கிறது. பையைத் திறந்ததும் லேசான கந்தக நெடி வரும். 88 சதவீதத் திரவ வடிவமும் உண்டு. அது பெரிய தீவன ஆலைகளுக்கு உரியது, நமக்கு உதவாது.

இரண்டாவது எம்.எஸ்.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மீத்தைல் சல்போனைல் மீத்தேன். மனிதர்களின் மூட்டுவலி மாத்திரைகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். எடையில் 34 சதவீதம் கந்தகம், நீரில் எளிதாகக் கரையும், நெடி அனேகமாக இருக்காது. கறிக்கோழிகளில் ஒரு கிலோ தீவனத்துக்கு அரைக் கிராம் போன்ற சிறு அளவில் கலந்து சோதித்திருக்கிறார்கள். உடலின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் கூடியதற்கான அடையாளங்கள் தெரிந்தன. எடை வளர்ச்சியில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. 2002-இல் வெளியான எலி ஆய்வு ஒன்றில், உடல் எடை கிலோ ஒன்றுக்கு 1.5 கிராம் வீதம் 90 நாள் தொடர்ந்து கொடுத்தும் நச்சு விளைவு காணப்படவில்லை. ஆகவே இது ஆபத்தான பொருளன்று. ஆயினும் மெத்தியோனைன் பற்றாக்குறையை இது நிரப்பாது என்பதால், இறகுக்காகவோ முட்டைக்காகவோ தொடக்கநிலைப் பண்ணையாளர் இதில் பணத்தைப் போட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

மூன்றாவது, மஞ்சள் நிறத் தனிமக் கந்தகம். இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்காவது வகை சல்பேட்டுகள்: பேதி உப்பு எனப்படும் மக்னீசியம் சல்பேட், ஜிப்சம், மயில்துத்தம் முதலியவை. சல்பேட்டைக் கொண்டு மெத்தியோனைனையோ சிஸ்டைனையோ கோழியின் உடலால் உருவாக்க முடியாது. அந்தத் திறமை செடிகளுக்கும் நுண்ணுயிர்களுக்கும்தான் உண்டு. கந்தக அமினோ அமிலங்கள் குறைவாக உள்ள தீவனத்தில் சிறிது சல்பேட் சேர்த்தால், உடலின் சல்பேட் தேவைக்காகச் சிஸ்டைன் கரைந்துபோவது ஓரளவு மிச்சமாகும் என்று 1950-கள் தொட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. பயன் அந்த அளவோடு சரி. மயில்துத்தத்தைச் செம்புச் சத்துக்காகத் தீவன ஆலைகள் மிக நுண்ணிய அளவில் சேர்க்கின்றன. கந்தகத்துக்காக அதைக் கையில் எடுப்பவர் செம்பு நஞ்சைத்தான் கொடுக்கிறார்.

ஐந்தாவது சல்பா மருந்துகள். இவை நுண்ணுயிர்க்கொல்லிகள், சத்துப் பொருளே அல்ல. முட்டையிலும் இறைச்சியிலும் மருந்தின் மிச்சம் தங்கும். கால்நடை மருத்துவர் எழுதித் தராமல் இவற்றைத் தொடக் கூடாது.

இரண்டாம் படி: கோழியைக் கையில் எடுத்துப் பார்த்தல்

இறகு கொட்டுவதற்குக் கந்தகக் குறைவைத் தவிர எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆண்டுக்கொரு முறை கழுத்தில் தொடங்கி மார்பு, உடல், சிறகு, வால் என்று வரிசையாக இறகு உதிர்ந்து புதிது முளைப்பது இயற்கை. பெட்டைகளின் முதுகில் மட்டும் இறகு போயிருந்தால், சேவல் எண்ணிக்கை கூடிவிட்டது என்று பொருள். மலவாயைச் சுற்றி இறகு அழுக்கேறி, தோல் சிவந்திருந்தால் செள்ளையோ பேனையோ தேட வேண்டும். இரத்தம் குடிக்கும் செந்நிறச் செள் பகலில் கூண்டின் இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில்தான் ஏறும் என்பதால், இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சோடு போய்ப் பார்ப்பதே சரி. இட நெருக்கடியில் ஒன்றையொன்று கொத்திக்கொள்வதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் தீவனத்தில் எதைக் கலந்தாலும் பயன் இராது.

மெத்தியோனைன் குறைவு வேறு விதமாகத் தெரியும். குஞ்சுகள் ஒரே வயதிலும் சமமாக வளராமல் பின்தங்கும். இறகு மெதுவாக, சொரசொரப்பாக வரும். தரையில் பரப்பிய கூளத்தில் கிடக்கும் உதிர்ந்த இறகைக் கோழிகள் பொறுக்கித் தின்னும். முட்டையின் அளவு சிறுக்கும். சிறகின் நீண்ட இறகு ஒன்றை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நன்றாக வளர்ந்த இறகில் இழைகள் இடைவெளியின்றி ஒரே சீராக இருக்கும். வளரும் நாள்களில் சத்துக் குறைவோ நோயோ வெப்ப அயர்ச்சியோ தாக்கியிருந்தால், இறகின் குறுக்கே மெல்லிய வெளிர்க் கோடு ஓடும். அந்தக் கோட்டில் இழைகள் மெலிந்திருக்கும், விரலால் வருடினால் அங்கேதான் முறியும். ஒரு கோழியில் ஒரு கோடு இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்துக் கோழியில் ஏழெட்டுக்கு அடுத்தடுத்துக் கோடுகள் இருந்தால் தீவனத்தைச் சந்தேகிக்கலாம்.

மூன்றாம் படி: ஏற்கெனவே உள்ளதைக் கணக்கிடுதல்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிக் குதித்துவிடும் படி இது. நான் மிகவும் வற்புறுத்துவதும் இதைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு: 55 கிலோ மக்காச்சோளம், 12 கிலோ அரிசித் தவிடு, 15 கிலோ கடலைப் புண்ணாக்கு, 15 கிலோ சோயாப் புண்ணாக்கு, மீதி 3 கிலோ தாது உப்பும் சுண்ணாம்புச் சத்தும். மக்காச்சோளத்தில் சுமார் 0.18 சதவீதம், தவிட்டில் 0.25, கடலைப் புண்ணாக்கில் 0.45, சோயாவில் 0.62 சதவீதம் மெத்தியோனைன் இருப்பதாக வைத்துப் பெருக்கினால், 100 கிலோவில் மொத்தம் ஏறத்தாழ 290 கிராம், அதாவது 0.29 சதவீதம் வருகிறது. புரதம் 19 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 1994-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, எடை குறைந்த முட்டைக்கோழி இனக் குஞ்சுக்கு முதல் ஆறு வாரத்தில் 0.30 சதவீதம் மெத்தியோனைன் தேவை; கறிக்கோழிக் குஞ்சுக்கு முதல் மூன்று வாரத்தில் 0.50 சதவீதம். ஆகவே மேற்சொன்ன கலவையில் முட்டைக்கோழிக் குஞ்சுக்குக் குறை மிகச் சிறிது. கறிக்கோழிக்கு 100 கிலோவுக்கு 200 கிராம் அளவுக்குக் குறை விழும்.

இதற்கு நேர்மாறாக, குருணையும் தவிடும் மட்டும் போட்டு வளர்க்கும் வீடுகள் நம் ஊர்களில் நிறைய உள்ளன. அங்கே புரதமே பாதிதான் இருக்கும். மெத்தியோனைனோடு லைசின் என்ற அமினோ அமிலமும் மற்றவையும் சேர்ந்தே குறைந்திருக்கும் தீவனத்தில் மெத்தியோனைனை மட்டும் கூட்டினால் பயனில்லை. முதலில் புண்ணாக்கைச் சேர்க்க வேண்டும். அந்த வகையில் எள்ளுப் புண்ணாக்கு அருமையான பொருள்: மெத்தியோனைன் சோயாவைவிட அதிகம், லைசின் குறைவு. சோயாவில் லைசின் அதிகம் என்பதால் இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கும். மீன்தூளிலும் மெத்தியோனைன் மிகுதி. ஆனால் கருவாட்டுக் கழிவை அரைத்து விற்பதில் உப்பும் மணலும் கலந்திருக்கும், அளவு மிஞ்சினால் முட்டையில் வாடை ஏறும். கடலைப் புண்ணாக்கில் மெத்தியோனைன் குறைவு என்பதோடு, மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரும் அபாயமும் உண்டு. புண்ணாக்கை மாற்றியே பல இடங்களில் இறகுச் சிக்கல் தீர்ந்துவிடும். தூள் வாங்க வேண்டிய தேவையே எழாது. தீவன மாதிரியைச் சோதிக்க விரும்புபவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தை அணுகலாம்.

தண்ணீரையும் கணக்கில் சேருங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் சல்பேட் அதிகமாக இருப்பது வறண்ட மாவட்டங்களில் பொதுவானது. மனிதர் குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் சல்பேட்டை ஏற்புடையது என்றும், வேறு நீர் இல்லாத நிலையில் 400 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. கோழிக்கும் 250-க்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல், குறிப்பாக மக்னீசியமும் சேர்ந்து இருந்தால், எச்சம் இளகி, கூளம் ஈரமாகும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தி நீரைச் சோதித்துக்கொள்ளலாம். குழாயைத் திறந்தவுடன் அழுகிய முட்டை வாடை வந்தால், நீரில் உள்ள சல்பேட்டைக் கிருமிகள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன என்று கொள்ளலாம். அந்தத் தண்ணீரைச் சரிசெய்யும் வரை எந்தக் கந்தகச் சத்தும் வேண்டாம்.

நான்காம் படி: அளவை முடிவுசெய்தல்

அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 2005-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், கோழித் தீவனத்தில் தாங்கக்கூடிய மொத்தக் கந்தகம் 0.4 சதவீதம். மக்காச்சோளமும் சோயாவும் கலந்த சாதாரணத் தீவனத்திலேயே இதில் ஏறத்தாழ பாதி வந்துவிடுகிறது. மீதியுள்ள இடைவெளி 0.2 சதவீதம்தான்; அதாவது ஒரு கிலோ தீவனத்தில் 2 கிராம் கந்தகம். இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள்.

ஒரு கிலோ தீவனத்தில் 1 கிராம் மெத்தியோனைன் கலந்தால் கூடும் கந்தகம் 0.02 சதவீதம். அரைக் கிராம் எம்.எஸ்.எம். கலந்தால் 0.017 சதவீதம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் சல்பேட் உள்ள நீரை, தின்னும் தீவனத்தைப் போல் இரு மடங்கு குடித்தால், தீவனக் கணக்கில் 0.033 சதவீதம்; சித்திரை வெயிலில் குடிக்கும் அளவு பெருகும்போது இதுவும் பெருகும். ஆனால் ஒரு கிலோவுக்கு வெறும் 5 கிராம் கந்தகத் தூள் போட்டால் 0.5 சதவீதம். அந்த ஒன்றே எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஒரு கைப்பிடி என்பது இதைப்போல் பல மடங்கு.

ஆகவே, வீட்டில் கலக்கும் தீவனத்தில் புரதம் சரியாக இருந்து, இரண்டாம் படியில் சொன்ன அடையாளங்களும் தெரிந்தால், ஒரு கிலோ தீவனத்துக்கு அரைக் கிராமிலிருந்து 1 கிராம் வரை டி.எல். மெத்தியோனைன் சேர்ப்பது பாதுகாப்பான தொடக்கம். வளரும் நாட்டுக்கோழிக் குஞ்சுக்கும் இறகு மாற்றத்தில் உள்ள கோழிக்கும் இது போதும். கறிக்கோழிக்குத் தேவை 2 கிராமை எட்டும். அதைத் தீவன வல்லுநரின் கணக்குப்படியே செய்ய வேண்டும். மெத்தியோனைன்தானே, சத்துதானே என்று கூட்டிக்கொண்டே போகவும் கூடாது. அளவு மிஞ்சினால் மிக அதிகக் கெடுதல் செய்யும் அமினோ அமிலம் இதுதான். கிலோவுக்கு 20 கிராம் அளவில் குஞ்சுகளின் வளர்ச்சி வெளிப்படையாகக் குன்றும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உடலுக்குள் பயன்படுத்தப்பட்ட மெத்தியோனைன் மீண்டும் புதுப்பிக்கப்பட பி12, ஃபோலிக் அமிலம், கோலின் ஆகியவை தேவை. தாது உப்புக் கலவையோடு வைட்டமின் கலவையும் தீவனத்தில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எடைபோட்டுக் கலத்தல்

ஒரு கிராம் துல்லியம் உள்ள மின்னணுச் சமையலறைத் தராசு கட்டாயம் வேண்டும். கரண்டிக் கணக்கு இங்கே செல்லாது.

25 கிலோ தீவனத்துக்கு, கிலோவுக்கு 1 கிராம் வீதம் 25 கிராம் மெத்தியோனைனை எடுங்கள். அதை நேரே குவியலில் தூவாதீர்கள். மாவாக அரைத்த மக்காச்சோளம் கால் கிலோவுடன் சேர்த்து, மூடி இறுக்கமான ஒரு டப்பாவில் இட்டு இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். அதை மேலும் இரண்டு மூன்று கிலோ தீவனத்துடன் ஒரு பாத்திரத்தில் கையால் பிசிறிக் கலந்து, கடைசியாகத் தார்ப்பாயில் கொட்டி வைத்துள்ள மொத்தத் தீவனத்தின் மீது பரப்பி, மண்வெட்டியால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குறைந்தது நான்கு முறை புரட்டுங்கள். தீவனத்தில் வெள்ளைத் தூள் கண்ணுக்குத் தெரியாது என்பதால், கலந்துவிட்டதா என்ற ஐயம் எப்போதும் இருக்கும். நான் முதன்முதலில் கலந்தபோது மெத்தியோனைனுக்குப் பதிலாக அதே எடையில் நன்றாக அரைத்த அடுப்புக்கரித் தூளைப் போட்டு ஓர் ஒத்திகை பார்த்தேன். இரண்டு முறை புரட்டிய பின்னும் தார்ப்பாயின் ஒரு மூலையில் கறுப்புத் திட்டுகள் அப்படியே கிடந்தன. நான்காம் முறையில்தான் நிறம் சீரானது. அந்தத் திட்டு மெத்தியோனைனாக இருந்திருந்தால், அந்த மூலையைத் தின்ற குஞ்சுகளுக்குப் பல மடங்கு போயிருக்கும். நீங்களும் ஒரு முறை அப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்தில் தீர்ந்துபோகும் அளவுக்கே கலக்க வேண்டும். மழைக்காலத்தில் அதையும் பாதியாகக் குறைக்கலாம்.

ஆறாம் படி: பாதிக்குக் கொடுத்து, பாதியைப் பார்த்தல்

எல்லாக் கோழிகளுக்கும் ஒரே நாளில் தொடங்காமல், ஒத்த வயதுள்ளவற்றை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் கலந்த தீவனம் கொடுங்கள். ஒவ்வொரு குழுவிலும் பத்துக் கோழிகளின் காலில் வளையமிட்டு, வாரம் ஒரு முறை அதே கிழமையில், காலைத் தீவனத்துக்கு முன் எடைபோட்டு நோட்டில் எழுதுங்கள். தின்ற தீவனத்தின் எடை, எச்சத்தின் தன்மை, இட்ட முட்டைகளின் எண்ணிக்கையும் எடையும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.

ஆறு வாரம் பொறுக்க வேண்டும். முழுதாக வளர்ந்துவிட்ட இறகு உயிரற்ற பொருள். நீங்கள் இன்று கொடுக்கும் சத்து அதைச் சென்றடையாது. முறிந்த இறகு அடுத்த உதிர்ப்பு வரை முறிந்தபடியேதான் இருக்கும். புதிதாக முளைக்கும் இறகில்தான் வேறுபாட்டைத் தேட வேண்டும். முட்டைக்கோழியில், குறை உண்மையிலேயே மெத்தியோனைனாக இருந்தால், முட்டையின் எடை இறகைவிட முன்னதாகவே கூடத் தொடங்கும்.

தீவனம் எடுப்பது குறைவது, எச்சம் நீராகப் போவது, கூளத்தில் அம்மோனியா நெடியோடு அழுகிய முட்டை வாடையும் கலப்பது, கால் தள்ளாடுவது ஆகிய நான்கில் எது தெரிந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு, பழைய தீவனத்துக்கும் நல்ல தண்ணீருக்கும் திரும்புங்கள். இரண்டு நாளில் சரியாகாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். ஏனெனில் அது நீங்கள் கொடுத்த சத்தால் வந்ததாக இல்லாமல் நோயாகவும் இருக்கலாம்.

மஞ்சள் நிறக் கந்தகத் தூளைப் பற்றி

தனிமக் கந்தகத்தைக் கோழிக்குக் கொடுக்கும் வழக்கம் எங்கிருந்தோ வந்த மூடநம்பிக்கை இல்லை. 1930-களில் அமெரிக்காவில், தீவனத்தில் கந்தகத் தூள் கலந்தால் குஞ்சுகளின் இரத்தக் கழிச்சல் தணிவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அதே ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: அந்தக் குஞ்சுகளின் எலும்பில் சுண்ணாம்பு சரியாகப் படியவில்லை. ரிக்கெட்ஸ் எனப்படும் எலும்பு மெலிவு வந்தது. வெயில் கிடைத்த குஞ்சுகளில் பாதிப்பு குறைவாகவும், அடைந்து கிடந்தவற்றில் அதிகமாகவும் இருந்தது. 1940-களில் சல்பா மருந்துகள் வந்து, 1948-இல் சல்பாகுயினாக்சலின் தீவனத்தில் தொடர்ந்து கலக்கும் மருந்தாக நடைமுறைக்கு வந்த பிறகு, கந்தகத் தூளுக்கான தேவையே இல்லாமல் போனது. இன்று ஆம்புரோலியம் போன்ற மருந்தும், எல்லாவற்றுக்கும் மேலாக உலர்ந்த கூளமும் அந்த வேலையைச் செய்கின்றன.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஐப்பசி அடைமழையில் அறுபது நாட்டுக்கோழிக் குஞ்சுகளை அறைக்குள் பல்பு வெளிச்சத்தில் வளர்த்தார். இரத்தக் கழிச்சல் வராமல் இருக்கட்டும் என்று கிலோவுக்கு ஒரு கைப்பிடி கந்தகம் கலந்து வந்தார். மூன்றாம் வாரம் என்னை அழைத்தபோது, குஞ்சுகளில் பாதிக்கு மேல் கணுக்காலில் உட்கார்ந்திருந்தன. தீவனத் தொட்டியை நோக்கி இரண்டடி வைத்து மீண்டும் உட்கார்ந்தன. ஒன்றைக் கையில் எடுத்து அலகை விரலால் மெல்ல அழுத்தினேன். நனைந்த அட்டை போல் வளைந்தது. கால்நடை மருத்துவர் இறந்த ஒரு குஞ்சைத் திறந்து காட்டினார். விலா எலும்புகள் முதுகெலும்போடு சேரும் இடங்களில் மணிமணியாகப் புடைத்திருந்தன. வெயில் இல்லாமை, தீவனத்தில் வைட்டமின் டி இல்லாமை, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த கேடு என்றார் அவர். கந்தகத்தை நிறுத்தி, வைட்டமின் டி3-யும் கால்சியமும் கொடுத்து, மழை விட்டதும் வெளியே விட்டபின் பெரும்பாலானவை எழுந்தன. வளைந்த கால்கள் சில கடைசிவரை நிமிரவில்லை.

தென்கொரியாவில் பதப்படுத்திய கந்தகத்தை வாத்துக்குக் கொடுத்து, அந்த இறைச்சியைத் தனிப் பெயரில் விற்கிறார்கள் என்ற செய்தியைப் பார்த்துவிட்டு நம் ஊரிலும் சிலர் ஆவல் கொள்கிறார்கள். அது நச்சு நீக்கப்பட்டதாகச் சொல்லி அதற்கென்றே தயாரித்து விற்கப்படும் பொருள். சித்த மருத்துவத்தில் கந்தகத்தைச் சுத்தி செய்யும் முறையும் மனிதர் மருந்துக்காக, தேர்ந்த மருத்துவர் கையில் நடப்பது. இரண்டையும் காட்டி, கடைக் கந்தகத்தைக் கோழியின் தொட்டியில் போடுவதற்கு நியாயம் சொல்ல முடியாது. உரக்கடையில் கிடைக்கும் 80 சதவீத நனையும் கந்தகம் பயிருக்கான பூஞ்சைக்கொல்லி. அதில் வேறு துணைப்பொருள்கள் கலந்திருக்கும். அதைத் தீவனத்துக்கு எண்ணவே கூடாது.

கந்தகத் தூளுக்குப் பொருத்தமான இடம் கோழியின் வெளிப்புறம். செள்ளுத் தொல்லை உள்ள பண்ணையில், கோழிகள் புழுதி குளிக்கும் தொட்டியில் உலர்ந்த மணலோடும் சாம்பலோடும் கந்தகத்தைச் சிறு பங்காகக் கலந்து வைப்பது நல்ல பலன் தரும். கலிபோர்னியாவில் நடந்த சோதனைகளிலும் புழுதிப் பெட்டிக் கந்தகம் செள்ளைக் கட்டுப்படுத்தியது உறுதியாகியிருக்கிறது. தொட்டி மழை படாத இடத்திலும், தீவனத்துக்கும் தண்ணீருக்கும் தள்ளியும் இருக்க வேண்டும். கலக்கும்போது மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ளுங்கள். கந்தகம் எளிதில் தீப்பற்றும், எரிந்தால் சல்பர் டைஆக்சைடு வாயு எழும். கோழியின் நுரையீரலும் காற்றுப் பைகளும் அந்த வாயுவைத் தாங்கா. ஆகவே குஞ்சுகளுக்குச் சூடு தரும் கரி அடுப்போ பல்போ இருக்கும் அறைக்குள் கந்தகப் பையைக் கொண்டு போகாதீர்கள். கொட்டகையில் கந்தகம் எரித்துப் புகை போடுவதானால் ஒரு கோழிகூட உள்ளே இருக்கக் கூடாது. புகை முழுதும் வெளியேறிய பிறகே அவற்றைத் திரும்ப விட வேண்டும்.

மீதமிருக்கும் சில எச்சரிக்கைகள்

பூண்டும் சின்ன வெங்காயமும் கந்தகச் சேர்மங்கள் நிறைந்தவை. கைவைத்தியமாக எப்போதாவது சிறிது கொடுப்பதில் குறையில்லை. ஆனால் வெங்காயத்தை அன்றாடத் தீவனமாக, சந்தைக் கழிவு மலிவாகக் கிடைக்கிறது என்று கூடை கூடையாகப் போட்டால், பறவைகளின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து இரத்தசோகை வரும்.

கோழியோடு ஆடும் மாடும் வளர்க்கும் வீடுகளில், கந்தகம் கலந்த எந்தத் தீவன மிச்சத்தையும் அவற்றின் தொட்டியில் கொட்டாதீர்கள். அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் கந்தகத்தை வேகமாக ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுவதால், மிகுதியான கந்தகம் அவற்றின் மூளையைப் பாதிக்கும். ஆடு பார்வை மங்கி, சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும்.

மெத்தியோனைன் பையின் மேல் வாங்கிய தேதியையும், "கிலோவுக்கு 1 கிராம், 25 கிலோவுக்கு 25 கிராம்" என்ற அளவையும் அழியாத மையால் எழுதி, தராசையும் அதே பெட்டியில் வைத்து, ஈரமில்லாத அலமாரியில் பூட்டுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் தீவனம் கலப்பவர் வேறொருவராக இருக்கக் கூடும்.